கிளர்வும் ஏவலும்: தீக்குச்சியின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

ஒரு வேதிவினை தொடங்குமுன் மூலக்கூறுகள் தாண்டியாக வேண்டிய ஆற்றல் தடை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதன் பெயர் ‘கிளர்வு ஆற்றல்’. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதுவே ‘ஏவற்சக்தி’. இரண்டு கரைகளிலும் பிள்ளைகள் ஒரே வரைபடத்தைத்தான் வரைகிறார்கள்: இடப்பக்கம் ஒரு மேடு, உச்சி, வலப்பக்கம் பள்ளம். ஆனால் மேட்டுக்கு இட்ட பெயர்களில் இரண்டு எதிரெதிர் அரசியல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கிளர்வு உள்ளிருந்து எழுவது. கிளர்ச்சி அதன் உடன்பிறப்பு. ஏவல் வெளியிலிருந்து வருவது. ஏவுபவன் ஒருவன், ஏவப்படுபவன் ஒருவன். ஏவலாள், பில்லி சூனிய ஏவல், இலக்கணத்தில் ஏவல் வினை. (வினை என்ற சொல்லைத் தொட்டால் கர்மாவும் கூடவே வரும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) கலைச்சொல் ஆக்கியவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டிய அவசியமில்லை. சொற்கள் ஆக்கியவர்களைக் கேட்டுக்கொண்டு அர்த்தம் தருவதில்லை.

இதை எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நம்முடைய அரசியல் எழுத்தில் ‘தீப்பொறி’யைப் போல் உழைத்துக் களைத்த உருவகம் வேறில்லை. 1900இல் ரஷ்யப் புரட்சியாளர்கள் நாடு கடந்து அச்சிட்ட பத்திரிகைக்கு இஸ்க்ரா, அதாவது பொறி, என்று பெயர். 1930 ஜனவரியில் மாவோ எழுதிய கடிதம் பிறகு பொறியையும் காட்டுத்தீயையும் தலைப்பாகச் சூடிக்கொண்டது. நம்மூர்ச் சுவர்களில், துண்டறிக்கைகளில், சிறுபத்திரிகைத் தலையங்கங்களில் எத்தனை பொறிகள். பொறி என்றால் அதைப் போடும் கை ஒன்று வேண்டும். காடு சும்மா காய்ந்துகொண்டு காத்திருக்கும். ஒரு போராட்டம் வெடித்ததும் போலீசும் கேட்கிறது, கட்சியும் கேட்கிறது, வரலாற்றாசிரியரும் கேட்கிறார்: ‘யாருய்யா பத்த வச்சது?’ மூவரின் கேள்வியும் ஒன்றாக இருப்பது எனக்கு நெருடலாக இருக்கிறது. உருவகத்தை வேதியியலிலிருந்து கடன் வாங்கினோம் என்றால், கடன் கொடுத்த இடத்தில் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

கணக்கு சர்க்கரையில் தொடங்குகிறது. கரும்புச் சர்க்கரையை அமிலம் கலந்த நீரில் கரைத்தால் அது மெல்ல மெல்ல குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாகப் பிரியும். கரைசல் வழியாகச் செல்லும் முனைவுற்ற ஒளி முதலில் வலப்பக்கம் திரும்பும், பிரியப் பிரிய இடப்பக்கம் சாயும். இந்தச் சாய்வை அளந்து, வினையின் வேகம் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று 1850இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் சீண்டவில்லை. 1880களில் ஓஸ்ட்வால்ட் தூசி தட்டி எடுத்தார். 1889இல் ஸ்வீடன்காரரான ஸ்வாந்தே அர்ஹீனியஸ் அதே சர்க்கரையை வைத்துக்கொண்டு ஒரு வில்லங்கமான கேள்வி கேட்டார்.

கேள்வி இதுதான். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் சர்க்கரை பிரியும் வேகம் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுகிறது. ஆனால் மூலக்கூறுகள் ஓடும் வேகமோ ஒரு பாகைக்கு 0.2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. முட்டல் மோதல் கொஞ்சம் அதிகமானதால் வினை வேகமாயிற்று என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது. அப்படியானால் கரைசலில் இருக்கும் சர்க்கரை எல்லாம் வினையில் இறங்குவதில்லை. அதில் மிகச் சிறிய ஒரு பகுதி மட்டும் ‘செயலூக்கம் பெற்ற’ சர்க்கரையாக இருக்கிறது, அதன் அளவுதான் வெப்பத்தோடு மளமளவென்று கூடுகிறது என்று அர்ஹீனியஸ் ஊகித்தார். வான்ட் ஹாஃப் 1884இல் தந்திருந்த சமன்பாட்டைக் கைக்கொண்டு, பிறர் அளந்து வைத்திருந்த வேறு பல வினைகளும் இதற்கு அடங்குவதைக் காட்டினார்.

சர்க்கரையை இரண்டு சாதியாகப் பிரித்ததாக இதை வாசித்துவிடும் ஆபத்து இருக்கிறது. செயலூக்கமுள்ளது, சோம்பிக் கிடப்பது, முன்னணி, வெகுசனம். போல்ட்ஸ்மனின் புள்ளியியலோடு சேர்த்துப் படித்தபோது அந்த இரட்டை கரைந்துபோனது. செயலூக்கம் என்பது மூலக்கூறின் பிறவிக் குணமல்ல, அது கணநேர நிலை. இந்தக் கணம் அளவுக்கு மீறிய ஆற்றலோடு இருக்கும் மூலக்கூறு, அடுத்த மோதலில் அதைப் பறிகொடுத்துவிட்டு எல்லோரையும் போல் ஆகிவிடும். தடையின் உயரம் ஒரு மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 300 கெல்வினில், அதாவது நம்மூர் அறை வெப்பத்தில், அதைத் தாண்டும் தெம்புள்ளவை ஏறத்தாழ 50 கோடியில் ஒன்று. பத்துப் பாகை சூடேற்றினால் சராசரி ஆற்றல் 3 சதவீதம்தான் கூடும். தாண்டக்கூடியவர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சராசரியைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ‘சனங்க அமைதியாத்தான் இருக்காங்க’ என்று அறிக்கை அனுப்பும் அதிகாரி சராசரியை அளக்கிறார்.

மூலக்கூறிலிருந்து மனிதனுக்குத் தாவுவதில் இருக்கும் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1903இல் நோபல் பரிசு பெற்ற அர்ஹீனியஸ், 1909இல் தொடங்கப்பட்ட ஸ்வீடனின் இனத்தூய்மைச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தார். 1922இல் அவர் படித்த உப்சாலா நகரிலேயே அரசு இன உயிரியல் நிறுவனம் வந்தது. 1935 முதல் 1975 வரை அந்த நாட்டின் சட்டங்களின் கீழ் ஏறத்தாழ 63,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. பெரும்பாலும் பெண்களுக்கு, கணிசமான அளவு வற்புறுத்தலின் பேரில். சர்க்கரைக் கட்டுரையிலிருந்து இது முளைத்தது என்று சொன்னால் அபத்தம். ஆனால் அறிவியலின் சொல்லாடல் சமூகத்தின் மீது எவ்வளவு லேசாக வந்து படிகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நானும் தாவத்தான் போகிறேன். கண்ணைத் திறந்துகொண்டு தாவுகிறேன், அவ்வளவே.

சரி, மூலக்கூறுக்கு அந்த அளவு மீறிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் கிளர்வும் ஏவலும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. தானாகவே சிதைகிற வாயு மூலக்கூறுகள் உண்டு. அவற்றை எவ்வளவு நெருக்கினாலும் விலக்கினாலும் சிதையும் விகிதம் மாறுவதில்லை என்று அப்போது தெரிந்திருந்தது. மோதல்தான் காரணம் என்றால் நெருக்கம் குறையும்போது விகிதமும் குறைந்தாக வேண்டுமே? ஆகவே மோதல் காரணமல்ல, பாத்திரத்தின் சுவர்களிலிருந்து வரும் கதிர்வீச்சுதான் ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியே எழுப்பிவிடுகிறது என்று பிரான்சின் ழான் பெரின் 1919இல் வாதிட்டார். அணுக்கள் இருப்பதை நிரூபித்த பெரிய மனிதர். அவர் கருதுகோள் சுத்தமான ஏவல்: வெளியே இருக்கும் ஒளி, தனித்தனி மூலக்கூறு, நடுவில் யாருக்கும் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை.

இதை உடைத்தவர் ஃப்ரெடரிக் லிண்டெமன். மறுபடியும் சர்க்கரை. கதிர்வீச்சுதான் காரணமென்றால் சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்ததும் அது கோடானுகோடி மடங்கு வேகத்தில் பிரிந்திருக்க வேண்டும். யார் வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. 1921இல் லண்டனில் ஃபாரடே சங்கத்தின் விவாதத்தில் அவர் மாற்று விளக்கம் ஒன்றை முன்வைத்தார். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதித்தான் ஆற்றல் பெறுகின்றன, ஆனால் பெற்றதற்கும் சிதைவதற்கும் நடுவே ஒரு கால இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு மோதல் நேர்ந்தால் பெற்றது போய்விடும். கூட்டம் நெருக்கமாக இருக்கையில் எழுப்புவதும் அடக்குவதும் ஒரே மோதல்தான், ஆகவே நெருக்கத்தின் தாக்கம் வெளியே தெரியாது. மிகக் குறைந்த அழுத்தத்தில் விகிதம் விழுந்தாக வேண்டும் என்றார். பின்வந்த ஆண்டுகளில் ஹின்ஷெல்வுட் முதலானோரின் சோதனைகளில் அப்படியே விழுந்தது.

ஆற்றல் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து வருகிறது. பக்கத்தில் இருப்பவரே அதைப் பிடுங்கிக்கொள்ளவும் கூடும். சங்கத்தில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. (இதே லிண்டெமன்தான் பிறகு செர்வெல் பிரபுவாகிச் சர்ச்சிலின் ஆலோசகரானவர், 1943 வங்கப் பஞ்சத்தின்போது இந்தியாவுக்குத் தானியக் கப்பல்கள் அனுப்புவதற்கு எதிராக நின்றவர். மூலக்கூறுகளின் தோழமையை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டவருக்கு அங்கே கண் தெரியவில்லை.)

இனி தீக்குச்சி. எரிவது என்பது வேதிவினைகளில் ஆகப் பழையது, மரமும் காற்றும் ஆண்டாண்டு காலம் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தும் பற்றாமல் இருப்பதற்குக் காரணம் அந்த மேடு. மேட்டைத் தாண்டவைக்கும் சிறு சூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1820களின் பின்பகுதியில் இங்கிலாந்தின் ஜான் வாக்கர் உரசிப் பற்றும் குச்சியை விற்றார். சீக்கிரமே அதன் தலையில் வெண்பாஸ்பரஸ் வந்து உட்கார்ந்தது. வெண்பாஸ்பரஸ் 30 பாகை செல்சியசை ஒட்டியே பற்றிக்கொள்ளும். சென்னையின் மதிய வெயில் போதும். மேடு அவ்வளவு தாழ்வு. எங்கே உரசினாலும் பற்றும் என்பது விளம்பரத்துக்கு நல்லதாக இருந்தது. குச்சியை முக்கியெடுத்த பெண்களின் தாடை எலும்பு அழுகியது. லண்டன் வாசிகள் அதற்கு ‘ஃபாஸி ஜா’ என்று செல்லப்பெயர் மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள்.

மாற்று இல்லாமலா? இருந்தது. 1840களில் வியன்னாவில் ஷ்ரோட்டர் செம்பாஸ்பரசைத் தனித்து அறிந்தார். அதே தனிமம்தான், அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. பற்றுவதற்கு 240 பாகைக்கு மேல் வேண்டும். 1844இல் ஸ்வீடனின் குஸ்தாவ் பாஷ் குச்சியின் மருந்தை இரண்டாகப் பிரித்தார்: தலையில் ஒன்று, பெட்டியின் பக்கவாட்டில் செம்பாஸ்பரஸ். யோன்ஷோப்பிங் நகரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். இரண்டும் சந்திக்கிற அந்த ஒரு உரசலில் மட்டும் மேடு தாண்டப்படுகிறது. அர்ஹீனியஸ் பிறப்பதற்கு முன்பே அவர் நாட்டுக்காரர்கள் கிளர்வு ஆற்றலின் உயரத்தை ஒரு பெட்டியின் இரண்டு பக்கங்களில் நிர்ணயம் செய்துவிட்டார்கள்.

இந்த உயரத்தை இயற்கை நிர்ணயிக்கவில்லை, கம்பெனி நிர்ணயித்தது. கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்த பிரையண்ட் அண்ட் மே நிறுவனம் 1850களிலேயே ஸ்வீடன்காரர்களிடம் பாதுகாப்புக் குச்சிக்கான உரிமையை வாங்கி வைத்திருந்தது. வெண்பாஸ்பரஸ் குச்சி மலிவு, நன்றாக விற்றது. ஆகவே அதையும் விடவில்லை.

1888 ஜூன் 23 அன்று ‘தி லிங்க்’ இதழில் அன்னி பெசன்ட் அந்த ஆலையைப் பற்றி எழுதினார். நம் அடையாறு அன்னி பெசன்ட்தான், அப்போது அவர் சோஷலிஸ்ட். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம், தாமதமாக வந்தால் பாதி நாள் கூலி போச்சு. கட்டுரை பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் போடவில்லை. ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஜூலை முதல் வாரத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியே வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அபராதம் போயிற்று, சாப்பிடத் தனி அறை கிடைத்தது.

பிறகு வந்த பள்ளிக்கூட வரலாறுகளில் கதை இப்படி நிலைபெற்றது: படித்த பெண்மணி எழுதினார், படிக்காத பெண்கள் எழுந்தார்கள். பொறி, காடு. ஏவல். ஆனால் பெசன்டின் கட்டுரையில் வேலைநிறுத்தத்துக்கான அழைப்பே கிடையாது. அந்தக் கம்பெனியின் குச்சியை வாங்காதீர்கள் என்று வாங்குபவர்களைத்தான் அவர் கேட்டுக்கொண்டார். வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு பெண்களே ஃப்ளீட் தெருவில் அவரைத் தேடிப் போனார்கள். அந்த ஆலையில் அதற்கு முன்பும் சிறு வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன. லூயிஸ் ரா என்ற ஆய்வாளர் 2009இல் வெளிவந்த தன் நூலில் இதையெல்லாம் தோண்டியெடுத்து, போராட்டத்தை நடத்தியவர்கள் அந்தப் பெண்களே என்று நிறுவினார். நூற்றிருபது ஆண்டுகள் பிடித்திருக்கிறது, கிளர்வை ஏவலிலிருந்து மீட்க. பெசன்டின் பங்கைக் குறைப்பது என் நோக்கமல்ல. அவர் பணம் திரட்டினார், நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அழைத்துப் போனார். அதற்கு வேதியியலில் வேறு பெயர் உண்டு.

வினையூக்கி. நம் கூட்டங்களில் ‘கட்சி ஒரு வினையூக்கி’ என்று சொல்லிக் கேட்டிருப்போம். வினையூக்கத்துக்குப் பெயர் சூட்டியவர் 1835இல் பெர்செலியஸ், அவரும் ஸ்வீடன்காரர்தான். 1890களில் ஓஸ்ட்வால்ட் கறாராக வரையறுத்தார். வினையூக்கி மேட்டின் உயரத்தைக் குறைக்கும், அதாவது வேறு வழி காட்டும். வினை எங்கே போய் நிற்கும் என்பதை அதனால் மாற்ற முடியாது. முன்னோக்கிய வினையை எவ்வளவு வேகப்படுத்துகிறதோ அதே மடங்கு பின்னோக்கிய வினையையும் வேகப்படுத்தும். இந்தக் கடைசி வாக்கியத்தை உருவகத்தோடு சேர்த்து யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ‘வேறு வழி’ என்றேனே, அதையும் பிறகு வரைந்து காட்டினார்கள்: 1931இல் பெர்லினில் எயரிங்கும் போலன்யியும் ஒரு வினையின் ஆற்றல் பரப்பை மலைநிலமாகக் கணக்கிட்டார்கள். மூலக்கூறு சிகரம் ஏறுவதில்லை, கணவாய் தேடுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையைப் பாலக்காட்டு வழியாகக் கடப்பது போல. 1933இல் ஹிட்லர் வந்ததும் யூதரான போலன்யி மான்செஸ்டருக்குப் போக வேண்டியதாயிற்று.

தீக்குச்சி நம்மிடம் வந்த கதை பலருக்குத் தெரியும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தார்கள். அதே காலத்தில் ஸ்வீடனின் ஈவார் க்ரூகர், உலகத் தீப்பெட்டியையே ஏகபோகமாக்கப் பார்த்தவர், அவருடைய குழுமம் விம்கோ மூலம் இந்தியாவுக்குள் வந்தது. ஒருபக்கம் யந்திரம், இன்னொருபக்கம் கை. கை என்றால் யாருடைய கை என்பதும் தெரியும். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டியைப் பட்டியலில் வைத்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. என் பெரியம்மா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவள். (அந்தப் பக்கத்தில் அது ஆபீஸ்தான், ஆலை இல்லை, குச்சித் தலையில் இருப்பது மருந்து. ஆளைக் கொல்லுகிற சரக்குக்கு மருந்து என்று பெயர் வைத்த மொழி நம்முடையது.) பெரியம்மா சொல்லுவாள்: ‘நமுத்த குச்சிய பெட்டி தேயத் தேய உரசு, பத்தாது. காஞ்சதுக்கு ஒரு இழுவ போதும். பத்தினதுக்கப்புறம் உரசினவன் பேரச் சொல்லுவாக. காய வச்சவ பேர எவஞ் சொன்னான்?’ அர்ஹீனியஸ் படிக்காதவள்.

பாஸ்பரஸ் கதையில் இன்னொரு நகரம் மிச்சமிருக்கிறது. 1920களின் நடுவில் லெனின்கிராடில் ஹரிட்டோன், வால்தா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் பாஸ்பரஸ் ஆவியோடு ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். ஒளிரவில்லை. இரண்டும் ஒரே பாத்திரத்தில், ஒன்றையொன்று விழுங்கக் காத்திருப்பவை, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆக்சிஜனின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் பளிச்சென்று பற்றியது. அதற்கு ஒரு மயிரிழை கீழே, இருட்டு. அக்காலத்தில் வினைவேகத் துறையின் பிதாமகரான ஜெர்மனியின் போடன்ஸ்டைன், இது மாயத்தோற்றம், கருவியின் கோளாறு என்று எழுதினார். ஹரிட்டோன் கேம்பிரிட்ஜ் போய்விட்டார். அவர்களுடைய தலைவர் செமியோனவ் தானே கருவியை மாற்றியமைத்துத் திரும்பச் செய்தார். முடிவு அதேதான். போடன்ஸ்டைன் பிறகு ஒத்துக்கொண்டார்.

செமியோனவ் தந்த விளக்கம், பொறிக் கோட்பாட்டை அடியோடு கவிழ்ப்பது. வினை சங்கிலியாக நடக்கிறது. ஒரு செயலூக்கத் துகள் வினைபுரியும்போது இன்னும் சிலவற்றைப் பெற்றெடுக்கிறது, சங்கிலி கிளைக்கிறது. அதே வேளையில் பாத்திரத்தின் சுவரைத் தொட்ட துகள் அங்கேயே செத்துப்போகிறது. கிளைப்பது அதிகமா சுவரில் சாவது அதிகமா என்பதுதான் கேள்வி. முதல் துகள் எங்கிருந்து வந்தது என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. அது எப்போதும் எங்கிருந்தாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயிரம் பொறிகள் சுவரில் அணைந்துகொண்டிருக்கின்றன, நமக்குத் தெரிவதில்லை. பாத்திரத்தைப் பெரிதாக்கினால் குறைந்த அழுத்தத்திலேயே பற்றும், ஏனெனில் சுவர் தூரமாகிறது. ஆகப் புதிரானது ஆர்கான். எதனோடும் சேராத, வினையில் எந்தப் பங்கும் எடுக்காத வாயு. அதை உள்ளே விட்டாலும், பற்றாமல் கிடந்த கலவை பற்றிக்கொள்கிறது. துகள்கள் சுவரை எட்டவிடாமல் அது சும்மா நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். 1956இல் செமியோனவும் ஹின்ஷெல்வுட்டும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹரிட்டோன் சோவியத் அணுகுண்டின் தலைமை வடிவமைப்பாளரானார். வால்தாவின் பெயர் அந்தச் சோதனையைப் பற்றிய வாக்கியங்களில் மட்டும் வந்து போகிறது.

லெனின்கிராடை மனதில் வைத்துக்கொண்டு 1888க்குத் திரும்பினால் கேட்கத் தோன்றுவது வேறு கேள்விகள். பிரையண்ட் அண்ட் மேயில் முந்தைய வேலைநிறுத்தங்கள் எந்தச் சுவரில் அணைந்தன? இந்தமுறை சுவர் ஏன் எட்டவில்லை? அடுத்த ஆண்டே, அர்ஹீனியசின் கட்டுரை வந்த அதே 1889இல், லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் வெளியே வந்தார்களே, அவர்களில் எத்தனை பேர் இந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகள், அப்பாக்கள், புருஷன்கள்? வெண்பாஸ்பரஸ் அந்த வெற்றியோடு போய்விடவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். 1898இல் தாடை நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காகக் கம்பெனி அபராதம் கட்டியது. 1906இல் பெர்ன் ஒப்பந்தம், 1908இல் பிரிட்டிஷ் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1910இல்.

வேலைநிறுத்த நிதி பிரித்துக் கொடுத்தபோது எழுதிய பதிவேடு ஒன்று லண்டனில் தொழிற்சங்க நூலகச் சேகரிப்பில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பெண்களின் பெயர், முகவரி, என்ன வேலை, என்ன கூலி. தலைவி என்று யாருடைய பெயருக்கு எதிரிலும் குறி இல்லை. முகவரிகளைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போனால் அதே தெருப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, பக்கத்துப் பக்கத்து வீட்டு எண்களோடு.